பால் பவுடர் எதற்கு என்று மட்டும் கேட்டார்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் பல்கலைக்கழக ஆய்வகச் செலவுகளைப் பற்றி ஒரு செய்தி வந்திருந்தது. இரண்டு சொட்டு மருந்துக்கு 38 ஆயிரம் ரூபாயா என்கிற தொனியில் தலைப்பு. தணிக்கையில் ஆட்சேபம் எழுந்திருக்கிறது, வாங்கிய டியூப் ஃப்ரீசரில் சும்மா கிடக்கிறது, மக்கள் வரிப்பணம் வீண் என்று உங்கள் நிருபர் எழுதியிருந்தார். வீண் என்பதில் எனக்கும் அவருக்கும் சண்டை இல்லை. எந்த இடத்தில் வீணானது என்பதில்தான் சண்டை.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தென்மாவட்டப் பல்கலைக்கழகம் ஒன்றின் உயிரியல் துறையில் 1994 முதல் 2023 வரை ஆய்வக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். படித்தது பி.எஸ்சி. விலங்கியல். ஆய்வுக் கட்டுரைகளில் ஆசிரியராக என் பெயர் வந்ததில்லை. கடைசியில் நன்றி சொல்லும் பத்தியில், அதுவும் மின்சாரம் தந்தவர்களுக்கும் பணம் தந்தவர்களுக்கும் அப்புறம், இரண்டு மூன்று முறை வந்திருக்கிறது. ஆனால் அந்தக் கட்டுரைகளில் உள்ள கறுப்புப் பட்டைப் படங்களில் பாதிக்கு மேல் என் கையால் ஓடியவை. அந்த உரிமையில் எழுதுகிறேன். கடிதம் நீண்டால் வெட்டிக்கொள்ளுங்கள், நடுவில் மட்டும் வெட்டாதீர்கள்.

அந்த டியூபில் இருப்பது மருந்து இல்லை. அதற்கு ஆன்டிபாடி என்று பெயர், பாடப்புத்தகத்தில் எதிர்ப்பொருள் என்று இருக்கும். நம் உடம்புக்குள் அந்நியமாக ஏதாவது நுழைந்தால் அதைப் போய்ப் பிடித்துக்கொள்ள ரத்தத்தில் உருவாகும் புரதம். இதையே ஆய்வகத்துக்குக் கருவியாக்கிக்கொண்டார்கள். மனிதப் புரதம் ஒன்றின் சிறு துண்டை முயலுக்கு ஊசி போட்டால், முயலின் உடம்பு அதை அந்நியம் என்று நினைத்து ஆன்டிபாடி தயாரிக்கும். முயலின் ரத்தத்தை எடுத்துச் சுத்தம் செய்து டியூபில் அடைத்தால் ஆயிற்று. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டக் கூட்டத்துக்குள் ஒருவனை அனுப்பி, 'இன்னாரைத் தேடிப் பிடித்து நெற்றியில் சந்தனம் வைத்துவிட்டு வா' என்று சொல்வது போன்ற வேலை அது. சந்தனம் வைத்த ஆள் யார் என்று பார்த்து நாம் கண்டுபிடித்துக்கொள்ளலாம். ஆனால், அனுப்பிய ஆளுக்கு அவரை உண்மையிலேயே அடையாளம் தெரியுமா? ஜாடை ஒத்த வேறு யாருக்காவது வைத்துவிட்டு வந்தால்?

எங்கள் துறையில் அதுதான் நடந்தது. நான் சொல்லப்போவது 2014-இல் வாங்கிய டியூபின் கதை.

ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். அது செல்லுக்குள் போனால் பிடித்துக்கொள்ள ஒரு புரதம் வேண்டும். அதற்கு ஈஸ்ட்ரோஜன் ஏற்பி என்று பெயர். ஹார்மோனைப் பிடித்த ஏற்பி போய் டி.என்.ஏ.வில் உட்கார்ந்துகொண்டு சில மரபணுக்களை இயக்கும், சிலவற்றை அடக்கும். ஸ்விட்ச் போர்டு மாதிரி. ரொம்ப காலம் இப்படி ஒரே ஓர் ஏற்பிதான் உண்டு என்று நினைத்திருந்தார்கள். 1996-இல் ஸ்வீடனில் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் யான்-ஓக்கே குஸ்டாஃப்சன் குழுவினர் எலியின் புராஸ்டேட்டில் இரண்டாவதைக் கண்டுபிடித்தார்கள். பழையது ஆல்ஃபா, புதியது பீட்டா. ஆல்ஃபா மார்பகப் புற்றை வளர்க்கும், பீட்டா அதற்குக் கடிவாளம் போடும் என்று ஒரு எண்ணம் பரவியது. உலகம் முழுக்க பீட்டாவைத் தேடி ஓடினார்கள். நாங்களும் ஓடினோம்.

எங்கள் ஸ்காலர் ஒரு பெண். கடையம் பக்கம் ஊர், அம்மா பீடி சுற்றுபவர். ஃபெலோஷிப் பணத்தில் பாதியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு மீதியில் விடுதிக் கட்டணம் கட்டிக்கொண்டிருந்தது. ஒரு மூலிகைச் சாறு கொடுத்தால் மார்பகப் புற்றுச் செல்லில் இந்த பீட்டா ஏற்பி கூடுகிறதா என்பது ஆய்வுத் தலைப்பு. எம்.சி.எஃப்-7 என்ற செல்வகையில்தான் வேலை. அமெரிக்காவில் ஒரு கன்னியாஸ்திரியின் நெஞ்சுக்கூட்டு நீரிலிருந்து 1970-இல் எடுத்த செல்கள் அவை. மிச்சிகன் கேன்சர் ஃபவுண்டேஷன் என்பதன் முதலெழுத்துகள்தாம் பெயராயின. அந்த அம்மா அதே வருடம் இறந்துபோனார். செல்கள் எங்கள் இன்குபேட்டர் வரை வந்து இன்னும் பெருகிக்கொண்டிருக்கின்றன. தட்டைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்பு வரும்.

பீட்டாவுக்கு ஆன்டிபாடி வாங்க வேண்டும். கைடு ஒன்றைக் குறிப்பிட்டு இண்டென்ட், அதாவது கொள்முதல் கோரிக்கை, போட்டார். விதிப்படி மூன்று கொட்டேஷன். மூன்றிலும் 'ஈஸ்ட்ரோஜன் ஏற்பி பீட்டா ஆன்டிபாடி, 100 மைக்ரோலிட்டர்' என்று இருந்தது, அதாவது இரண்டு சொட்டு. ஒப்பீட்டுப் பட்டியல் போட்டார்கள். கைடு கேட்டது விலை கூடியது. குறைந்த விலைக்காரருக்கு ஆர்டர் போனது. கைடு என்னைத்தான் கொள்முதல் செக்ஷனுக்கு அனுப்பினார். அங்கிருந்த சார் கேட்டார்: "எல்லாத்துலயும் ஒரே பேருதானம்மா போட்டிருக்கு? அப்புறம் எதுக்குக் கூடுதல் விலை?"

நாற்காலி வாங்கும்போது நியாயமான கேள்விதான். பெயர் ஒன்றாக இருந்தாலும் இது வேறு முயல், அது வேறு எலி, ஊசி போட்ட துண்டும் வேறு வேறு என்று விளக்கினேன். "ஒரே உற்பத்தியாளர்னு ப்ரொப்ரைட்டரி சர்டிஃபிகேட் கொடுங்க, பார்க்கலாம்" என்றார். மூன்று கம்பெனி கொட்டேஷன் கொடுத்தபின் எந்த முகத்தோடு அந்தச் சான்றிதழைக் கொடுப்பது? திரும்பி வந்துவிட்டேன்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகள் இந்தக் கதையை 'குறைந்த விலை விதியால் வந்த வினை' என்றே நானும் சொல்லித் திரிந்தேன். அது பாதி உண்மை. கைடு கேட்ட விலை கூடிய டியூப் வந்திருந்தாலும் தேறியிருக்கும் என்று சொல்ல எனக்கு இப்போது தைரியம் இல்லை. காரணம் பின்னால் வருகிறது.

டியூப் வந்தது. தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் பொதிகள், நடுவே ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் சின்ன டியூப். ஒரு நொடி சுழற்றினால்தான் திரவம் அடியில் சேர்ந்து கண்ணுக்கே தெரியும். அதைப் பத்துப் பத்து மைக்ரோலிட்டராகப் பிரித்து மைனஸ் 20-இல் வைத்தேன். உருக்கி உறைய வைத்து, மறுபடி உருக்கினால் ஆன்டிபாடி கெட்டுப்போகும். எங்கள் ஊர் மின்வெட்டுக்கு அது தாங்கியதே பெரிது. ஒரு பிளாட்டுக்கு 5 மைக்ரோலிட்டர் என்று கணக்குப் போட்டால் 20 பிளாட் வரும். அதையும் நாங்கள் ஒரே தடவையில் கொட்டிவிடுவதில்லை. கரைத்ததை குளிர்பெட்டியில் வைத்து மூன்று நான்கு முறை ஓட்டுவோம். ரசத்தை மறுநாளும் சூடு பண்ணுகிற வீட்டில் வளர்ந்தவர்கள் நாங்கள்.

பிளாட் என்பது வெஸ்டர்ன் பிளாட். டி.என்.ஏ.வுக்கு இப்படியொரு முறையைக் கண்டுபிடித்தவர் எட்வின் சதர்ன் என்ற ஆங்கிலேயர், அவர் பெயரால் அது சதர்ன் பிளாட். புரதத்துக்கு வந்தபோது விளையாட்டாக மேற்குத் திசையின் பெயரை வைத்துவிட்டார்கள். செல்லை உடைத்துச் சாறெடுத்து, மெல்லிய ஜெல் பலகையில் ஊற்றி மின்சாரம் பாய்ச்சினால் கனத்த புரதம் மேலே நிற்கும், லேசானது கீழே ஓடும். அதை அப்படியே ஒரு வெள்ளைத் தாளுக்கு, மெம்பிரேன் என்போம், மாற்ற வேண்டும். இந்த மெம்பிரேனின் குணம் என்னவென்றால் எந்தப் புரதம் பட்டாலும் பிடித்துக்கொள்ளும். ஆன்டிபாடியும் புரதம்தானே? அப்படியே ஊற்றினால் தாள் முழுக்க ஒட்டிக்கொள்ளும். அதனால் முதலில் காலி இடத்தையெல்லாம் வேறு ஏதாவது மலிவான புரதத்தால் மூட வேண்டும். அதற்குப் பால் பவுடர். கொழுப்பெடுத்த பால் பவுடரை நூற்றுக்கு ஐந்து என்று கரைத்து அதில் ஒரு மணி நேரம் மெம்பிரேனை ஆட்டி எடுப்போம். அப்புறம் ஆன்டிபாடிக் கரைசலில் இரவு முழுக்க, குளிர் அறையில். காலையில் மூன்று முறை அலசல். முயல் ஆன்டிபாடியைப் பிடிக்கும் இரண்டாவது ஆன்டிபாடி, அது ஆட்டினுடையது. மறுபடி அலசல். கடைசியில் ஒளிரும் கரைசல், இருட்டறை, எக்ஸ்ரே ஃபிலிம். ஆன்டிபாடி ஒட்டிய இடம் ஃபிலிமில் கறுப்புப் பட்டையாக விழும்.

பால் பவுடர் பில்லைப் பார்த்துத் தணிக்கையில் கேட்டார்கள்: "500 கிராம் பால் பவுடர் எதுக்கு? டீ போடவா?" இரண்டு நாள் விளக்கம் எழுதினோம். அந்த ஆன்டிபாடி டியூபைப் பற்றி அன்றைக்கு ஒரு கேள்விகூட இல்லை. கொட்டேஷன் மூன்றும் சரியாக இருந்தன.

முதல் பிளாட்டிலேயே பட்டை வந்தது. மனித பீட்டா ஏற்பியின் எடை 59 கிலோடால்டன், புரதத்தின் எடையை இந்த அளவில்தான் சொல்வோம். எங்கள் ஃபிலிமில் 60 குறிக்கு ஒரு நூல் கீழே, கறுகறுவென்று, ஓரம் நேராக, புளியமரத்து அட்டை மாதிரி ஒரு பட்டை. கைடு ஃபிலிமை ஜன்னலில் பிடித்துப் பார்த்துச் சிரித்தார். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டது.

எனக்கு ஒன்று உறுத்தியது. ஃபிலிமை நான் பத்து விநாடிதான் வைத்திருந்தேன். மரபணுவை இயக்கும் புரதங்கள் செல்லில் சொற்பம். சாதாரணமாக இவற்றுக்கு ஐந்து நிமிடம் வைத்தாலும் மங்கலாகத்தான் வரும். பத்து விநாடியில் இவ்வளவு கறுப்பாக வருவதென்றால் அது செல்லில் நிறைய இருக்கும் புரதமாக இருக்க வேண்டும். இருபது வருட அனுபவம் என் காதில் சொன்னது. நான் வாயைத் திறக்கவில்லை. எல்லாரும் சந்தோஷமாக இருக்கும்போது ஆய்வக உதவியாளர் என்ன சொல்வது? இன்றைக்கும் அந்த மௌனம்தான் எனக்கு அதிகம் வலிக்கிறது. உங்கள் நிருபர் யாரையாவது குற்றவாளி ஆக்க வேண்டும் என்றால் என்னையும் சேர்த்துக்கொள்ளட்டும்.

எடை சரியாக இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். எடையை வைத்து ஆளைச் சொல்ல முடியாது. புற்றுநோய் ஆய்வில் எல்லாரும் அறிந்த பி53 என்ற புரதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜெல்லில் 53 இடத்தில் நின்றதால் அந்தப் பெயர். உண்மையான எடை 44-க்குச் சற்றுக் குறைவு. பெயரிலேயே தப்பான எடையைச் சுமந்துகொண்டிருக்கிறது. அதே மாதிரி, 60 இடத்தில் நிற்கும் புரதம் செல்லில் நூற்றுக்கணக்கில் உண்டு.

பதினான்கு மாதம் ஓட்டினோம். சாறு கொடுத்தால் பட்டை கொஞ்சம் கூடியது, சில நாள் கூடவில்லை. கூடிய நாள் படங்கள் போஸ்டரில் ஏறின. கூடாத நாளுக்குச் செல் சரியில்லை, ஜெல் சரியில்லை, சில சமயம் நான் சரியில்லை.

2015 மழைக்காலத்தில், பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் இருந்த எங்கள் பழைய மாணவர் ஒருவர் ஊருக்கு வந்தபோது எட்டிப் பார்த்தார். ஃபிலிமைப் பார்த்துவிட்டு, "இது பீட்டாதான்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். டியூபில் எழுதியிருக்கிறது என்றது அந்தப் பெண். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பத்து நாளில் ஒரு தபால் உறை வந்தது. சாதாரணத் தபால்தான். உள்ளே பில்டர் பேப்பர் துண்டு ஒன்று, அதில் பென்சிலால் ஐந்து ரூபாய்க் காசளவு வட்டம். வட்டத்துக்குள் கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஆனால் காய்ந்த டி.என்.ஏ. இருந்தது: மனித பீட்டா ஏற்பியை உண்டாக்கும் மரபணு, ஃப்ளாக் என்ற சின்ன அடையாள வாலோடு. வட்டத்தைக் கத்தரித்து ஊறவைத்து, பாக்டீரியாவில் பெருக்கி எடுத்தோம். வேறு ஒரு மனிதச் செல்வகையில் பாதித் தட்டுகளுக்கு அதைக் கொடுத்தோம், பாதிக்கு அந்த மரபணு இல்லாத வெறும் டி.என்.ஏ. மரபணு உள்ளே புகுந்த செல்லில் பீட்டா ஏற்பி குவியும். நம் ஆன்டிபாடி உண்மையாக இருந்தால் அந்தப் பக்கம் பட்டை தடிக்க வேண்டும். அவ்வளவுதான் சோதனை.

அன்று இருட்டறையில் நானும் அந்தப் பெண்ணும் மட்டும். சிவப்பு விளக்கு. டெவலப்பரில் ஃபிலிமை ஆட்டினேன். இரண்டு பக்கமும் ஒரே பட்டை. அண்ணன் தம்பி மாதிரி, ஒரு சல்லி கூடக் குறைய இல்லை. வால் மட்டும் அடையாளம் காணும் வேறு ஆன்டிபாடியால் அதே மெம்பிரேனை மறுபடி பார்த்தோம். மரபணு கொடுத்த பக்கத்தில் மட்டும், 60-ஐ ஒட்டி, தெளிவாகப் பட்டை. அப்படியென்றால் புரதம் அங்கே குவிந்து கிடந்திருக்கிறது. எங்கள் டியூபுக்குத்தான் அதைத் தெரியவில்லை. பதினான்கு மாதமாக யாருக்கோ சந்தனம் வைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

அந்தப் பெண் அழவில்லை. ஃபிக்ஸரில் கிடந்த ஃபிலிமை எடுத்து அலசி, கிளிப்பில் மாட்டிவிட்டு, "அக்கா, ஹாஸ்டல் மெஸ் மூடிரும், போயிட்டு வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனது.

விற்ற கம்பெனிக்கு எழுதினோம். மரியாதையான பதில், கூடவே வேறு லாட் எண்ணில், அதாவது வேறு தயாரிப்புத் தொகுதியிலிருந்து, ஒரு இலவச டியூப். லாட் மாறினால் பெரும்பாலும் முயல் மாறிவிட்டது என்று பொருள். பழைய முயல் செத்திருக்கும். புது முயலின் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று அதற்கே வெளிச்சம். ஓட்டிப் பார்த்தோம், பட்டை இந்தத் தடவை வேறு இடத்தில் வந்தது. அந்த டியூப்தான் ஃப்ரீசரில் கிடந்தது. இரண்டு வருடம் கழித்து இருப்பெடுப்பில் 'ஒரே பொருள் இருமுறை பெறப்பட்டுள்ளது, ஒன்று பயன்படுத்தப்படவில்லை' என்று குறிப்பு எழுதினார்கள். உங்கள் செய்தியில் வந்த டியூப் எந்த ஆய்வகத்தினுடையதோ, எனக்குத் தெரியாது. படித்ததும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது.

2017-இல் ஸ்வீடனிலிருந்தே ஒரு கட்டுரை வந்தது, நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில். பீட்டா ஏற்பிக்கு என்று புழங்கும் 13 ஆன்டிபாடிகளை எடுத்து வரிசையாகச் சோதித்திருந்தார்கள். நம்பும்படி தேறியது ஒன்றே ஒன்று, பி.பி.இஸட்.0506 என்ற எலி ஆன்டிபாடி. அதை வைத்து மனிதத் திசுக்களைப் பார்த்தபோது விரையில் இருந்தது, சினைப்பையில் இருந்தது, நிணநீர்ச் செல்களில் இருந்தது. மார்பகத்தில், ஆரோக்கியமானதிலும் சரி புற்று வந்ததிலும் சரி, பீட்டா இருப்பதற்கான சான்று கிடைக்கவில்லை. எங்கள் பெண் மார்பகச் செல்லில் தேடிக்கொண்டிருந்ததை அவர்களாலேயே பார்க்க முடியவில்லை. அதனால்தான் சொன்னேன், கைடு கேட்ட டியூப் வந்திருந்தாலும் என்ன ஆகியிருக்குமோ என்று. 13-இல் 12 தேறாத இடத்தில் விலை கூடியதைப் பிடித்துக்கொண்டு என்ன பயன்?

அந்தக் கட்டுரையை அச்செடுத்து அந்தப் பெண்ணுக்கு அனுப்பினேன். அதற்குள் அது தலைப்பை மாற்றி, ஃபெலோஷிப் முடிந்த பிறகும் ஒரு வருடம் டியூஷன் எடுத்துச் சமாளித்து, ஆய்வேட்டைக் கொடுத்திருந்தது. இப்போது ஒரு கல்லூரியில் வேலை பார்க்கிறது.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்தது இல்லை என்று தெரிந்தபோது ஆறுதலாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. 2015-இல் நேச்சர் இதழில் ஆண்ட்ரூ பிராட்பரி, ஆண்ட்ரியாஸ் ப்ளூக்துன் இருவரும், நூற்றுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளின் கையெழுத்தோடு, சரியில்லாத ஆன்டிபாடியால் உலகில் ஆண்டுக்குச் சுமார் 80 கோடி டாலர் வீணாவதாகக் கணக்குப் போட்டு எழுதினார்கள். கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்தை ஒட்டி ஒய்காரோஸ் என்று ஒரு குழு இருக்கிறது. அவர்கள் செய்வது ரொம்ப எளிமையான காரியம். ஒரு புரதத்தின் மரபணுவையே வெட்டி எடுத்த செல்லையும் சாதாரணச் செல்லையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டுவார்கள். புரதமே இல்லாத பக்கத்திலும் பட்டை வந்தால் ஆன்டிபாடி பொய். 2023-இல் 65 புரதங்களுக்கான 614 ஆன்டிபாடிகளின் முடிவை வெளியிட்டார்கள். தேறாத ஆன்டிபாடியை வைத்து வந்த கட்டுரைகள், சராசரியாகப் புரதத்துக்கு ஒரு டஜன். எனக்குப் பிடித்த பகுதி அதன் பிறகு வருவது: சோதனைக்கு டியூப் கொடுத்தவர்களே விற்பனைக் கம்பெனிகள்தாம். முடிவைப் பார்த்துவிட்டு, தேறாதவற்றில் ஐந்தில் ஒரு பங்கைச் சந்தையிலிருந்து எடுத்துவிட்டார்கள், இன்னும் ஐந்தில் இரண்டுக்கு எதற்குப் பயன்படுத்தலாம் என்ற குறிப்பை மாற்றினார்கள். கேட்டால் நடக்கிறது. கேட்பதற்கு ஆள் வேண்டும்.

நம் பக்கம் என்ன செய்யலாம்? பெரிய திட்டம் எதுவும் நான் சொல்லவில்லை. ஆன்டிபாடி இண்டென்டில் புரதத்தின் பெயரை மட்டும் எழுதாமல் குளோன் எண்ணையும், அதாவது இன்ன ஆன்டிபாடிதான் என்று காட்டும் அடையாள எண்ணையும், எழுத வேண்டும், செக்ஷனும் அதையே பொருளின் பெயராக எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படிச் செய்தால் மூன்று கொட்டேஷனும் மூன்று வேறு முயலுக்கு வராது. முயல் ரத்தத்தை நம்பாமல், மரபணு வரிசையே தெரிந்து செல்லில் தயாரிக்கும் ரீகாம்பினன்ட் ஆன்டிபாடி இப்போது நிறையப் புரதங்களுக்குக் கிடைக்கிறது. லாட் மாறினாலும் சரக்கு மாறாது. ஒய்காரோஸ் சோதனையிலும் அதுதான் முன்னால் நின்றது. அப்புறம், புது டியூபை முதலில் சோதித்துப் பார்க்க என்றே ஒரு மாதமும் கொஞ்சம் பணமும் திட்ட அறிக்கையில் ஒதுக்க வேண்டும். அந்த ஒரு மாதத்தைக் கேட்டால் 'முன்னேற்றம் இல்லை' என்று ஆய்வுக் குழுவில் எழுதுகிறார்களே, அவர்களிடம்தான் எனக்குக் கோபம் அதிகம். கடைசியாக, ஆய்வேட்டில் ஒட்டும் பட்டைப் படத்தை நறுக்காமல் முழுசாக ஒட்டச் சொல்லுங்கள். நறுக்கிய படத்தில் எல்லா ஆன்டிபாடியும் யோக்கியம்தான்.

ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகப் போட்டுவிடுங்கள். இதைப் படித்துவிட்டு யாரும் தங்கள் பயாப்சி ரிப்போர்ட்டைச் சந்தேகப்பட வேண்டாம். ஆஸ்பத்திரியில் மார்பகப் புற்றுக்குப் பார்ப்பது ஆல்ஃபா ஏற்பி. அதற்குப் புழங்கும் ஆன்டிபாடிகள் பல காலமாக நோயாளிகளிடத்திலேயே சோதித்துத் தேறியவை. நான் சொல்லும் டியூபின் மேல் 'ஆய்வுப் பயன்பாட்டுக்கு மட்டும்' என்று அச்சடித்தே இருக்கும். என் சொந்த அக்காவுக்கு 2009-இல் அறுவை சிகிச்சை நடந்தது. ஏற்பி பாசிட்டிவ் என்று ரிப்போர்ட் வந்ததால்தான் ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் டாமோக்சிஃபென் மாத்திரையை ஐந்து வருடம் கொடுத்தார்கள். அந்த ரிப்போர்ட்டை நான் ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை. அக்கா நன்றாக இருக்கிறாள். இந்தக் கடிதத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து படித்துவிட்டு, "பால் பவுடர் கதையை மட்டும் போட்டாப் போதும்டி" என்கிறாள்.

உங்கள் நிருபருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஆய்வகத்துக்குப் போனால் விலையையும் கேளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே, 'அந்தப் புரதம் இல்லாத செல்லை ஓட்டிய ஃபிலிமைக் காட்டுங்கள்' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். எங்களுடையது என் வீட்டில் இருக்கிறது. துறையில் பழைய கோப்புகளைக் கழித்துப் போட்டபோது எடுத்து வந்தேன். மஞ்சள் கவரில் இரண்டு ஃபிலிம், அதோடு நடுவில் வட்டம் கத்தரித்த பில்டர் பேப்பர். பாளையங்கோட்டைக்கு அவர் எப்போது வந்தாலும் எடுத்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்,
பாளையங்கோட்டை.
(பெயரை வெளியிட வேண்டாம். அந்தப் பெண்ணுக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.)